மருந்து கலக்கும் மேசை

விடிகாலையில் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் மதுரை வண்டிக்கு நிற்பவர்களில் சிலரைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். முந்தானையால் தலையை இறுக்கி மூடியிருப்பார்கள். மடியில் ஸ்கேன் படங்கள் வைத்த பெரிய கவர் இருக்கும். கூட வந்தவர் கையில் தூக்குவாளி, வெந்நீர் ஃபிளாஸ்க். வேடசந்தூர், வடமதுரை, அய்யலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து இங்கே மாறி ஏறுகிறவர்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்று ஆறு தடவையோ எட்டுத் தடவையோ கீமோ ஏற்றிக்கொள்ள வேண்டும். போக அறுபது கிலோமீட்டர், வர அறுபது கிலோமீட்டர், வரும் வழியெல்லாம் வாந்தி. மார்பகப் புற்றுநோய்க்காக என் அத்தையை ஆறு மாதம் அப்படி அழைத்துப் போய்வந்தவன் நான்.

அலைச்சலுக்கு அஞ்சி ஒரே ஒரு தடவை பக்கத்திலேயே ஒரு மருத்துவமனையில் போட்டுக்கொண்டோம். அதன் பெயர் இங்கே வேண்டாம். வார்டின் ஜன்னலோரம் ஒரு மேசை. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சிஸ்டர் ஒரு ஜோடி சாதாரணக் கையுறை போட்டுக்கொண்டு, சின்னக் குப்பியிலிருந்து ரத்தச் சிவப்பான மருந்தைச் சிரிஞ்சில் இழுத்தார். ஊசியை வெளியே எடுக்கும்போது ஒரு துளி தெறித்து மேசையில் விழுந்தது. பஞ்சால் துடைத்துப் பக்கத்துக் குப்பைக் கூடையில் போட்டார். அதே மேசையில் அவருடைய டீ டம்ளர் இருந்தது. அவர் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

மருந்து புறங்கை நரம்பில் ஏறியது. "எரியுது தாயி" என்றார் அத்தை. "இந்த மருந்து கொஞ்சம் எரியத்தாம்மா செய்யும், பொறுத்துக்கோங்க" என்றார் சிஸ்டர். நானும் "பொறுத்துக்கோங்க அத்தை" என்றேன். பத்து நாளில் புறங்கை கறுத்துப் புண்ணானது. பிறகு தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். நோய் குணமாகிவிட்டது. ஆனால் அந்தக் கையின் நடுவிரலும் மோதிர விரலும் இன்றும் முழுதாக மடங்குவதில்லை.

அந்தச் சிஸ்டர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த மேசையில் அன்று நடந்ததில் எதெல்லாம் தவறு, எதெல்லாம் தவிர்த்திருக்கக் கூடியது என்று பிறகு ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தபோதுதான், கீமோ ஊசி என்பது குப்பிக்குள் இருக்கும் மருந்து மட்டுமல்ல என்று புரிந்தது. கலக்கும் அறை, கலக்கும் கை, ஏற்றும் நரம்பு, திரும்பிப் போகும் வீடு, கடைசியில் காலிக் குப்பி போய்ச் சேரும் இடம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சிகிச்சை. இதில் ஒன்று ஒழுங்காக இல்லாவிட்டாலும் மருந்து கெடுதலாகத் திரும்புகிறது.

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. 2025-26 மத்திய பட்ஜெட்டில், மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையங்கள் வரும், அந்த ஆண்டே 200 மையங்கள் வரும் என்று அறிவித்தார்கள். 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று, ஆகவே இந்த அறிவிப்பு எங்கள் ஊருக்கும் பொருந்தும். கீமோ சிகிச்சை, நோயாளியின் ஊருக்கு அருகில் வரவேண்டும். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. எப்படி வரவேண்டும் என்பதுதான் கேள்வி.

மருந்தின் பிறப்பிலிருந்தே தொடங்கலாம். 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மன், கில்மன் என்ற இரு மருந்தியல் அறிஞர்களின் ஆய்வில், கடுகு வாயு என்ற போர் நச்சின் உறவுப் பொருளான நைட்ரஜன் மஸ்டர்ட், நிணநீர்ப் புற்றுநோய் கண்ட ஒருவருக்கு ஊசியாகப் போடப்பட்டது. கட்டி கரைந்தது. மறு ஆண்டு டிசம்பர் 2 அன்று இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டபோது, கடுகு வாயுக் குண்டுகளை ஏற்றிவந்த ஜான் ஹார்வி என்ற கப்பல் வெடித்தது. நச்சுப் பட்டவர்களின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். வேகமாகப் பெருகும் அணுக்களை இது முதலில் அழிக்கிறது என்ற அறிவு இப்படித்தான் உறுதிப்பட்டது. இன்றும் மார்பகப் புற்றுநோய்க்குச் சிவப்பு மருந்தோடு சேர்த்துப் போடும் சைக்ளோபாஸ்பமைட் அந்த வம்சத்தில் வந்ததுதான்.

பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களை முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. புகையிலை இருக்கும் அதே தொகுதியில் சைக்ளோபாஸ்பமைடும் இருக்கிறது. சிவப்பு மருந்தான டாக்ஸோரூபிசினும், சிஸ்பிளாட்டினும் அதற்கு அடுத்த படியில், உண்டாக்கக்கூடும் என்ற தொகுதியில் இருக்கின்றன. நோயாளிக்கு இந்தக் கணக்கு வேறு. உயிரைக் காப்பாற்றும் மருந்துக்கு அவர் அந்தச் சிறு அபாயத்தை ஏற்றுக்கொள்கிறார். அதே மருந்தைத் தினமும் பத்துப் பேருக்குக் கலக்கும் நர்ஸுக்கு நோய் இல்லை. அவருக்கு நன்மை ஒன்றும் இல்லை, நச்சு மட்டும்தான் மிச்சம். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

1979இல் பின்லாந்து ஆய்வாளர்கள், இம்மருந்துகளைக் கையாண்ட நர்ஸ்களின் சிறுநீரில் மரபணுவை மாற்றக்கூடிய பொருட்கள் இருப்பதைக் கண்டு லான்செட் இதழில் எழுதினார்கள். அதுவரை உலகம் முழுக்க நர்ஸ்கள் திறந்த மேசையில்தான் கலந்துகொண்டிருந்தார்கள். 1985இல் அதே நாட்டு நர்ஸ்களைப் பற்றி வந்த இன்னோர் ஆய்வு, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இம்மருந்துகளைக் கையாண்டவர்களுக்குக் கருச்சிதைவு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. எவ்வளவு பட்டால் எவ்வளவு கெடுதல் என்று இன்றுவரை கோடு போட்டுச் சொல்ல முடியவில்லை. இவ்வளவு வரை பரவாயில்லை என்ற அளவும் யாரும் வகுக்கவில்லை. அதனால்தான் 2004இல் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் தந்த எச்சரிக்கை, முடிந்தவரை படாமலே பார்த்துக்கொள் என்ற ஒரே வழியைச் சொன்னது.

எப்படிப் படுகிறது? குப்பிக்குள் சலைனைச் செலுத்தும்போது உள்ளே காற்றழுத்தம் ஏறுகிறது. ஊசியை உருவும் நொடியில் கண்ணுக்குத் தெரியாத சாரலாக மருந்து வெளியே பீய்ச்சுகிறது. சிரிஞ்சில் காற்றுக்குமிழியை வெளியேற்றும்போதும் அதேதான். தொழிற்சாலையிலிருந்து வரும் குப்பியின் வெளிப்புறத்திலேயே மருந்துத் துகள் ஒட்டியிருக்கும் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. கையுறை போட்ட கை குப்பியைத் தொடுகிறது, அதே கை மேசையையும் கைப்பிடியையும் செல்போனையும் தொடுகிறது. சாயங்காலம் தரையைத் துடைக்கும் அம்மாவுக்கு அங்கே மருந்து சிந்தியதே தெரியாது. திண்டுக்கல் தோல் பதனிடும் ஊர். குரோமியம் பட்ட கை என்ன ஆகும் என்று இங்கே தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும், ஏனென்றால் அது புண்ணாகக் கண்ணில் தெரிகிறது. கீமோ மருந்து கையில் தடமே வைக்காது. அதனால்தான் அதற்கு அஞ்ச வேண்டியிருக்கிறது.

இதற்கு விடையும் புதிதல்ல. மேலிருந்து கீழாகக் காற்று இறங்கி, வடிகட்டி வழியே உறிஞ்சப்படும் பாதுகாப்புப் பெட்டி ஒன்று வேண்டும். முன்புறக் கண்ணாடிக்குக் கீழே கையை மட்டும் நுழைத்து வேலை செய்வார்கள். இங்கே ஒரு தவறு நடந்துவிடுவது உண்டு. கிருமி படாமல் வேலை செய்வதற்கென்றே இன்னொரு வகைப் பெட்டி இருக்கிறது. அதில் காற்று பின்புறத்திலிருந்து வேலை செய்பவரின் முகத்தை நோக்கி வீசும். மருந்தைக் கிருமியிலிருந்து காக்கும், ஆளை மருந்திலிருந்து காக்காது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கீமோவுக்கு அந்தப் பெட்டியை வாங்கி வைப்பது, ஒன்றும் வாங்காமல் இருப்பதைவிட மோசம்.

கையில் இரண்டு ஜோடிக் கையுறை, பவுடர் இல்லாத நைட்ரைல் வகை, அரைமணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பின்னால் கட்டிக்கொள்ளும், திரவம் ஊறாத அங்கி. துணி அங்கி மருந்தை உறிஞ்சித் தோலோடு வைத்துக்கொள்ளும். சிரிஞ்சு, திருகிப் பூட்டும் வாய் கொண்டதாக இருக்க வேண்டும், சொருகுவதாக இருக்கக் கூடாது. ட்ரிப்ஸ் ட்யூபை முதலில் வெறும் சலைனால் நிரப்பிவிட்டு, அதன் பிறகுதான் மருந்துப் பாட்டிலை இணைக்க வேண்டும். மருந்தாலேயே ட்யூபை நிரப்பினால் முதல் சொட்டுகள் தரைக்கோ கைக்கோ போகும். இந்தக் கடைசி விதிக்கு ஒரு பைசா செலவில்லை. அதையும் பலர் செய்வதில்லை.

குப்பியிலிருந்து நரம்பு வரை மருந்து எங்குமே வெளிக்காற்றைத் தொடாமல் போகும் மூடிய இணைப்புச் சாதனங்கள் இப்போது விற்கிறார்கள். விலை அதிகம். 2018இல் காக்ரன் குழு இருந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்துவிட்டு, பாதுகாப்புப் பெட்டியோடு இதையும் சேர்த்தால் கூடுதல் பலன் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. என் முடிவு இது: ஒரு மாவட்ட மருத்துவமனைக்குப் பணம் அளவாகத்தான் வரும். முதலில் சரியான பெட்டியும், அதை ஆண்டுதோறும் சோதித்து வடிகட்டி மாற்றும் ஏற்பாடும், பயிற்சியும் வரட்டும். மூடிய சாதனம் அதற்கப்புறம்.

மருந்தின் விலை இன்று பெரிய தடை அல்ல. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்குத் தருகிறது. 2019இல் மத்திய அரசு 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக லாபத்துக்கு 30 சதவீத உச்சவரம்பு வைத்தது. அகமதாபாத் அருகே ஓர் ஆலை உற்பத்தியை நிறுத்தியதால் 2023இல் அமெரிக்க மருத்துவமனைகள் சிஸ்பிளாட்டின் இல்லாமல் திண்டாடின என்றால், மருந்து செய்வதில் நம் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று புரியும். மருந்தைச் செய்யத் தெரிந்த நாட்டுக்கு, அதைக் கையாளும் அறையைக் கட்டுவது பெரிய காரியமா?

அளவுக்கு வருவோம். பெரும்பாலான கீமோ மருந்துகளின் அளவு உடல் பரப்பைச் சதுர மீட்டரில் கணக்கிட்டு வருவது. அதற்கு உயரமும் எடையும் வேண்டும், ஒவ்வொரு தடவையும் வேண்டும். மூன்று சைக்கிளில் ஆறு கிலோ இறங்கியவருக்குப் பழைய எடையில் மருந்து போட்டால் அது அதிகப்படி. எடை பார்க்கும்போது செருப்பையும் பையையும் இறக்கி வைக்கச் சொல்லும் சிஸ்டர்மேல் எரிச்சல் படாதீர்கள், அவர் உங்கள் மருந்தைத்தான் அளக்கிறார். 1994இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பெயர்பெற்ற டானா-ஃபார்பர் புற்றுநோய் மருத்துவமனையில், பாஸ்டன் குளோப் பத்திரிகையின் மருத்துவப் பத்தி எழுத்தாளர் பெட்ஸி லேமன் இறந்துபோனார். நான்கு நாளுக்குச் சேர்த்து எழுதியிருந்த சைக்ளோபாஸ்பமைட் அளவை ஒவ்வொரு நாளும் முழுதாக ஏற்றிவிட்டார்கள். மருத்துவர், மருந்தாளுநர், நர்ஸ் என்று எத்தனையோ கண்கள் அந்தச் சீட்டைப் பார்த்தன. ஆனால் ஒவ்வொருவரும் முன்னவர் சரிபார்த்திருப்பார் என்று நம்பினார்கள். இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒப்பிட வேண்டும் என்ற விதி பல இடங்களில் உறுதியானதற்கு அந்த மரணம் ஒரு காரணம்.

பெயரிலும் கண்ணி இருக்கிறது. சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின் மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி ஒலிக்கும். சிஸ்பிளாட்டினைச் சலைனில்தான் கலக்க வேண்டும், உப்பு இல்லாவிட்டால் அது சிதையும். ஆக்ஸாலிபிளாட்டினைச் சலைனில் கலக்கவே கூடாது, குளுக்கோஸில்தான். கார்போபிளாட்டினுக்கு எழுதும் அளவில் சிஸ்பிளாட்டினைப் போட்டால் சிறுநீரகம் தாங்காது, உயிரே போகலாம். டாக்ஸோரூபிசின் திரவம் குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டியது. சிஸ்பிளாட்டினைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் படிகமாகிவிடும். சித்திரை வெயிலில், கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில், எந்தக் குப்பி எங்கே இருக்க வேண்டும் என்று அலமாரியில் எழுதி ஒட்டுவதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான். பாக்லிடாக்சல் இன்னொரு மாதிரி. அது தண்ணீரில் கரையாததால் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானோடு வருகிறது. அந்தக் கரைப்பான் சாதாரண பி.வி.சி. ட்யூபிலிருந்து வேதிப்பொருளை உருவிக்கொண்டு உடம்புக்குள் போகும், அதனால் தனி செட், தனி வடிகட்டி வேண்டும். அதே கரைப்பானால்தான் சிலருக்கு முதல் பத்து நிமிடத்தில் மூச்சுத் திணறலும் முகச் சிவப்பும் வரும். அந்தப் பத்து நிமிடம் சிஸ்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

எங்கள் பகுதிக்குச் சிஸ்பிளாட்டின் ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். இங்கே கிராமத்துப் பெண்களை நெடுங்காலமாக வாட்டிவந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். 1999 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஒரு மருத்துவ அறிவிப்பு விடுத்தது. கரண்ட் வைப்பது என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சையின்போது கூடவே சிஸ்பிளாட்டின் ஊசியும் போட்டால் பிழைப்பவர் கூடுகிறார்கள் என்பதே அதன் சாரம். அன்றிலிருந்து வாரம் ஒரு ஊசி, ஐந்தாறு வாரம் என்பது வழக்கமாகிவிட்டது. இந்த ஊசியின் கெடுதல் சிறுநீரகத்தில். முன்னும் பின்னும் தாராளமாகச் சலைன் ஏற்ற வேண்டும், சிறுநீர் எவ்வளவு போகிறது என்று அளக்க வேண்டும். கழிப்பறைக்கு அடிக்கடி போகச் சங்கடப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் உண்டு. வார்டுக்குப் பக்கத்தில் சுத்தமான கழிப்பறை இருப்பதும் சிஸ்பிளாட்டின் பாதுகாப்புதான்.

இனி நரம்பு. டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின் போன்றவை நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையை அரிக்கும். டாக்ஸோரூபிசின் இத்தாலியின் அட்ரியாட்டிக் கடலோரப் பகுதி மண்ணில் எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது, அட்ரியாமைசின் என்ற பெயர் அதனால்தான். அது திசுவில் தங்கி, ஒரு செல்லை அழித்துவிட்டு அங்கிருந்து அடுத்த செல்லுக்குப் போகும், அதனால் புண் வாரக்கணக்கில் ஆழமாகிக்கொண்டே இருக்கும். அத்தையின் கையில் நான் பார்த்தது அதுதான். முதல் நாள் லேசான சிவப்பு, மூன்றாம் நாள் வீக்கம், ஒரு வாரத்தில் நடுவில் கருநீலம், பிறகு தோல் காய்ந்து கறுத்துப்போய், அதற்குக் கீழே விரலை நீட்டும் தசைநாண் தெரிந்தது.

புறங்கையில் சதை குறைவு, நாண் பக்கத்திலேயே இருக்கிறது, ஆகவே அங்கே இம்மருந்து வேண்டாம். முழங்கை மடிப்பிலும் வேண்டாம். முன்கையில் நல்ல நரம்பில், அன்றே புதிதாகப் போட்ட வென்ஃப்ளான் வேண்டும். மருந்தை ஏற்றும் முன் இழுத்துப் பார்த்தால் ரத்தம் வர வேண்டும், சலைன் தடையில்லாமல் இறங்க வேண்டும். மருந்து ஏறும்போது இடையிடையே இழுத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "எரியுது" என்று நோயாளி சொன்னால் நிறுத்த வேண்டும். எரியத்தான் செய்யும் என்ற சமாதானம் இந்த மருந்துக்குச் செல்லாது.

நிறுத்தியபின் ஊசியை உடனே பிடுங்கிவிடவும் கூடாது. அதன் வழியாகவே வெளியே வந்த மருந்தை முடிந்தவரை உறிஞ்சி எடுக்க வேண்டும். வீங்கிய இடத்தைப் பேனாவால் சுற்றிக் குறித்து வைக்க வேண்டும், கையை உயர்த்தி வைக்க வேண்டும். சிவப்பு மருந்துக்குக் குளிர் ஒத்தடம். வின்கிரிஸ்டினுக்கு வெந்நீர் ஒத்தடம். இதை மாற்றிச் செய்தால் காயம் கூடும். டெக்ஸ்ரசாக்சேன் என்ற மாற்று மருந்து ஒன்று உண்டு. சிவப்பு மருந்து கசிந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி, மூன்று நாள் தொடர்ந்து நரம்பில் ஏற்ற வேண்டும். விலை உயர்ந்தது. ஒவ்வொரு மருத்துவமனையும் வாங்கி வைப்பது கடினம் என்றால், மாவட்டத்துக்கு ஒரு இடத்தில் இருப்பு வைத்து, கேட்டால் ஒரு மணி நேரத்தில் வந்து சேரும்படி செய்யலாம். எங்களுக்கு அப்படி ஒரு மருந்து இருக்கிறதென்று தெரிந்ததே தோல் ஒட்டிய பிறகுதான்.

வின்கிரிஸ்டின் நம் வாசலில் பூக்கும் செடியின் மருந்து. நித்திய கல்யாணி என்போம், சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். 1950களில் ஜமைக்காவிலிருந்து தபாலில் வந்த அதன் இலைகளை வைத்துக் கனடாவில் நோபிள், பீர் என்ற இருவர் தொடங்கிய ஆராய்ச்சி சர்க்கரை நோயில் தொடங்கிப் புற்றுநோயில் முடிந்தது. 1963இல் வின்கிரிஸ்டின் மருந்தாக வந்தது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் இன்று பிழைத்து வளர்வதில் இந்தச் செடிக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் நரம்பில் உயிர் காக்கும் இந்த மருந்து முதுகுத்தண்டு நீரில் போனால் கொன்றுவிடும். அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அதே குழந்தைகளுக்கு வேறொரு மருந்தை முதுகுத்தண்டில் போடவேண்டியிருப்பதால்தான் சிக்கல். ஒரே நாளில், ஒரே தட்டில், ஒரேமாதிரி இரண்டு சிரிஞ்சுகள். 2001இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 18 வயது இளைஞர் ஒருவர் இப்படித்தான் இறந்தார். 2007இல் ஹாங்காங்கில் ஓர் இளம்பெண் இறந்த பிறகு, உலக சுகாதார நிறுவனம் வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் எடுக்கவே வேண்டாம், சிறு சலைன் பையில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றுங்கள் என்று எச்சரித்தது. பையை யாரும் முதுகுத்தண்டில் மாட்டமாட்டார்கள்.

முதுகுத்தண்டு ஊசிக்கென்று, நரம்புச் சிரிஞ்சு பொருந்தவே பொருந்தாத தனி வாய் கொண்ட கருவிகளும் இப்போது வந்திருக்கின்றன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைச் செய்யும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு பூட்டுக்கு இன்னொரு பூட்டின் சாவி நுழையக் கூடாது. திறக்கிறவரின் ஞாபகத்தை நம்பாமல் உலோகத்தின் வடிவத்தை நம்புவதுதான் பூட்டுத் தொழில். தவறு செய்யாதே என்று எழுதி ஒட்டுவதைவிட, தவறு செய்ய முடியாதபடி பொருளைச் செய்வது மேல்.

வீட்டுக்குத் திரும்பிய பின்னும் மருந்து வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை, "கவுன்ட் குறைஞ்சிருக்கு" என்கிறோமே, அந்தச் சரிவு. அப்போது 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை, மருத்துவமனை சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டிய அவசரம். நம் கிராமங்களில் என்ன நடக்கும்? மெடிக்கல் ஷாப்பில் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போடுவார்கள், காய்ச்சல் மறைந்துவிடும், கிருமி ரத்தத்தில் பெருகிக்கொண்டிருக்கும். விடிந்தபின் பார்க்கலாம் என்று இருப்பார்கள். கீமோ போடும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தெர்மாமீட்டரும், இரவு இரண்டு மணிக்கும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணும், "இவருக்குக் கீமோ நடக்கிறது, காய்ச்சல் என்றால் உடனே பாருங்கள்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஓர் அட்டையும் கொடுக்க வேண்டும். ராத்திரி டூட்டியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு அந்த அட்டை பேசும்.

மருந்து சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் வெளியேறும், பெரும்பாலும் முதல் இரண்டு நாளில். அந்த இரண்டு நாள் கழிப்பறையில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்ற வேண்டும். வாந்தி வாளியை எடுப்பவர் கையுறை போட வேண்டும், கிடைக்காவிட்டால் கனமான பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளலாம். துணியைத் தனியாக அலச வேண்டும். கர்ப்பிணி மருமகளை அந்த வேலைக்கு விடக் கூடாது. இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் வேண்டும். நோயாளியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று இதைத் திரித்துவிடக் கூடாது. பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம், சேர்ந்து சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம். கீமோ போட்ட பெண்ணுக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் வைத்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தட்டு அவருக்கு நோயைவிட வலித்தது.

மிச்சம் இருப்பது காலிக் குப்பி. 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி கீமோ மருந்து பட்டவை மஞ்சள் வகையில், தனி அடையாளக் குறியோடு சேர வேண்டும். 1200 டிகிரி செல்சியஸுக்கு மேலான வெப்பத்தில் எரிக்க வேண்டும், அல்லது தயாரித்தவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். சாதாரணக் குப்பையோடு கிடங்கில் புகையவிட்டால் மருந்து அழியாது, காற்றில் கலக்கும். 2024 மார்ச்சில் டெல்லி காவல்துறை பிடித்த ஒரு கும்பல், விலையுயர்ந்த புற்றுநோய் ஊசிகளின் காலிக் குப்பிகளை மருத்துவமனை ஊழியர்களிடமிருந்து வாங்கி, பூஞ்சைக்குப் போடும் மலிவு மருந்தை நிரப்பி விற்றுவந்தது. வீட்டை அடகு வைத்து வாங்கிய ஊசியில் மருந்தே இல்லை. ஆகவே காலிக் குப்பியின் லேபிளைக் கிழித்து, எண்ணிக் கணக்கு வைத்துத்தான் அனுப்ப வேண்டும். நோயாளியின் மகன் "அண்ணே, அந்தக் குப்பி நம்பரைக் காட்டுங்க, போட்டோ எடுத்துக்கிறேன்" என்று கேட்டால் அதில் தப்பில்லை.

இத்தனையும் யார் செய்வது? இந்தக் கேள்விக்குத் திண்டுக்கல்லிடமே பதில் இருக்கிறது. ஒட்டன்சத்திரத்துக்கு அருகே அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் கம்யூனிட்டி ஹெல்த் சென்டர், லியோனில் இருக்கும் அதே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையோடு சேர்ந்து 2000இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. மாவட்டத்தில் 114 தொகுதிகள், அவற்றில் பாதியில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களை ஒருமுறை பரிசோதித்தார்கள். கருப்பைவாயில் வினிகர் தடவி வெண்படலம் தெரிகிறதா என்று பார்க்கும் எளிய முறை. 31,343 பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். 2007இல் லான்செட்டில் முடிவு வெளியானது: பரிசோதனை நடந்த தொகுதிகளில் இந்நோய் வருவது 25 சதவீதமும், அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்திருந்தன. பரிசோதித்தவர்கள் நர்ஸ்கள். தேவைப்பட்டவர்களுக்கு உறைகுளிர் சிகிச்சை தந்தவர்களும் நர்ஸ்களே. மூன்று வாரம் முறையாகப் பயிற்சி கொடுத்து, கருவி கொடுத்து, மேலே கேட்க ஆள் கொடுத்து அனுப்பினார்கள். உலகம் இன்று மேற்கோள் காட்டும் ஓர் உண்மையை நம் ஊர் நர்ஸ்கள் சாதித்துக் காட்டினார்கள்.

என் அத்தைக்கு ஊசி போட்ட சிஸ்டரும் அதே மண்ணில், அதே மாதிரிக் குடும்பத்திலிருந்து வந்தவர்தான். வித்தியாசம் அவருக்குக் கிடைக்காத பயிற்சி. ஆகவே மாவட்டத்தில் கீமோ தொடங்கும் முன், பெரிய மையம் ஒன்றில் சில வாரம் தங்கிக் கையால் கலந்து, கையால் ஏற்றிப் பழகிய நர்ஸ்கள் வேண்டும். அவர்களை ஆறு மாதத்தில் வேறு வார்டுக்கு மாற்றக் கூடாது. கர்ப்பம் என்று சொன்ன அன்றே, சம்பளமும் மரியாதையும் குறையாமல், மருந்து கலக்கும் வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும். தரை துடைப்பவருக்கும் துணி துவைப்பவருக்கும் அதே பயிற்சியின் ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் அவர் தோலும் நுரையீரலும் வேறாகிவிடாது. மருந்து கலப்பதை ஒரே இடத்தில், ஒரு மருந்தாளுநரின் பொறுப்பில் வைத்து, வார்டுக்குக் கலந்த பையாக அனுப்புவதே சிறந்தது. வார்டு மேசையில் குப்பி உடைக்கும் பழக்கம் நிற்க வேண்டும்.

இன்னும் சில ஆண்டுகளில் உங்கள் ஊர் மருத்துவமனையில் கீமோ பிரிவு திறக்கலாம். ரிப்பன் வெட்டுவார்கள், புதுப் படுக்கைகளைக் காட்டுவார்கள். அவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மருந்து எங்கே கலக்கிறீர்கள், அந்த அறையை ஒருமுறை காட்டுங்கள் என்று கேளுங்கள்.